தேர்வுக்கூடம் தந்த ஐயம்

சீன நாட்டில் அரசாங்க அலுவல் பெற விரும்புவோர் பழம்பெரு நூல்களில் தேர்வெழுதி வெற்றி பெறுதல் வேண்டும் என்னும் முறை ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் நிலவியது. கன்பூசியஸ் வழிவந்த நூல்களைச் சிறுவர்கள் பொருளறியு முன்பே நெட்டுருச் செய்வர். பின்னர் எட்டு உறுப்புக்களாக வரையறுக்கப்பெற்ற கட்டுரை எழுதப் பழகுவர். அதில் கருத்தினும் வடிவமே பெரிதாக எண்ணப்பட்டது.

1879-ஆம் ஆண்டிற் பிறந்த சென் தூசியூ இம்முறையிலேயே வளர்ந்தார். இளமையில் தந்தையை இழந்த அவருக்குப் பாட்டனாரே ஆசான். பாடம் ஒப்பிக்கத் தவறினால் பாட்டனார் அடிப்பார், சிறுவன் அழமாட்டான். அது கண்டு முதியவரின் சினம் மேலும் பெருகும். பிற்காலத்தில் முதல்நிலைத் தேர்வொன்றில், விடை தோன்றாமையால், அகராதியிலுள்ள அரிய சொற்களையெல்லாம் பொருத்தமின்றி அடுக்கி எழுதி வைத்தார் சென். முதலிடம் அவருக்கே கிடைத்தது! பாட்டனார் அப்போது உயிரோடிருந்திருப்பின் என்ன சொல்லியிருப்பாரோ?

1897-இல் மேல்நிலைத் தேர்வெழுத அவர் நான்கிங் நகரம் சென்றார். அங்கே 20,000-க்கும் மேற்பட்ட சிற்றறைகள் வரிசை வரிசையாக இருந்தன. தேர்வெழுதுவோர் அவற்றுள் அமர்ந்து எழுதி, அங்கேயே சமைத்துண்டு, அங்கேயே உறங்குவர். கடுங்கோடையில் ஒருவர், தலைப்பின்னலைச் சுற்றி முடித்து, ஆடை களைந்து, தம் கட்டுரையை உரக்கப் படித்தவண்ணம் உலாவினார். தொடையைத் தட்டி, இம்முறை வெற்றி தமக்கே என்று கூவினார். சென் நெடுநேரம் அவரையே நோக்கி நின்றார். இரண்டாண்டுகட்கு முன்னர்தான் சீனம் ஜப்பானிடம் தோல்வியுற்றிருந்தது. இத்தகையோர் ஆட்சியில் அமர்ந்தால் நாடு என்னாகும் என்னும் ஐயம் அவர் உள்ளத்தைப் பற்றியது. தேர்வில் அவர் தேறவில்லை. சீர்திருத்தக்காரர் பக்கம் சேர்ந்தார்.

1905-இல் தேர்வுமுறை ஒழிந்தது. லீ தாசாவ் தியன்சின் நகரிலும் ஜப்பானிலும் அரசியல் பயின்றார். மா சே துங் சாங்ஷா நகரின் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிற் சேர்ந்தார். அங்கு ஒழுக்கவியல் கற்பித்த யாங் சாங்ஜி ஐரோப்பாவிலும் பயின்றவர். அவர் பாடமாக வைத்த ஜெர்மானிய நூலொன்றின் ஓரங்களில் மா எழுதிய குறிப்புக்கள் 12,000 எழுத்துக்கட்கு மேற்பட்டவை. நெட்டுருச் செய்யாது, நூலாசிரியனோடு வாதிடும் மாணவனை அவற்றிற் காணலாம்.

அந்நூலைச் சீனத்தில் பெயர்த்த சாய் யுவான்பேய் 1917-இல் பீகிங் பல்கலைக்கழகத் தலைவரானார். மாறுபட்ட கொள்கையினர் பலருக்கும் அங்கே இடமளித்தார். சென் இலக்கியத் துறைத் தலைவராயினார். லீ நூலகப் பொறுப்பேற்றார். அந்நூலகத்திலேயே மா, திங்களுக்கு 8 யுவான் ஊதியத்தில் சின்னாள் உதவியாளராக இருந்தார். அறிஞர் பலருக்கு அவரோடு பேசவும் பொழுதில்லை!

1921-இல் ஷாங்காயில் சீனப் பொதுவுடைமைக் கட்சியின் முதல் மாநாடு கூடிற்று. தலைமைக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்ற சென் அங்கு வரவில்லை. அவர் காண்டன் நகரில் மாகாணக் கல்விப் பொறுப்பை வகித்துக்கொண்டிருந்தார். சாங்ஷாவிலிருந்து வந்த மா சே துங், அப்போது ஒரு தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியர்.