"நிர்வாகி தடுத்து விட்டார்!" பழைய கம்ப்யூட்டர் பிழைத்த கதை

மும்பை தாராவியில் நம்மவர்கள் நடத்தும் சங்கம் ஒன்று. மாதச் சந்தா 50 ரூபாய். உறுப்பினர் யாராவது இறந்து போனால், உடலை ஊருக்கு அனுப்பும் செலவைச் சங்கம் ஏற்றுக்கொள்ளும். பிழைக்க வந்த இடத்தில் இதைவிடப் பெரிய கவலை என்ன இருக்கிறது?

அந்தச் சந்தாக் கணக்கு முழுவதும் ஒரு பழைய கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்.பி. போட்டது. 2001-ம் ஆண்டு வெளிவந்த எக்ஸ்.பி.யை, 2014 ஏப்ரல் 8-ந் தேதியோடு மைக்ரோசாப்ட் கம்பெனி கைகழுவி விட்டது. அதனால் என்ன? ஓடுகிற வண்டியை யார் நிறுத்துவார்கள்?

சென்ற மாதம் அது தானாகவே நின்றது. எதைத் திறந்தாலும் அரை மணி நேரம்! கண்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மானேஜர் வர வேண்டும். எந்தப் புரோகிராம் கம்ப்யூட்டரைத் தின்கிறது என்று காட்டி, அதை நிறுத்தவும் உதவும் கருவி அது. அதுவும் வரவில்லை. "உங்கள் நிர்வாகி டாஸ்க் மானேஜரைத் தடுத்து வைத்திருக்கிறார்" என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டிதான் வந்தது.

செயலாளர் அண்ணாச்சி பதறி விட்டார். "நான்தானே தம்பி இங்கே நிர்வாகி? நான் எதையும் தடுக்கலையே!"

ரிப்பேர் கடையில், "பார்மட் அடித்து விடலாம்" என்றார்கள். அடித்தால் கணக்கும் போய்விடும். காகிதத்தில் நகல் கிடையாது. யார் கட்டினார், யார் பாக்கி என்று தெரியாவிட்டால், சாவு விழுந்த வீட்டு வாசலில் நின்று வாக்குவாதம்தான்.

பென் டிரைவ் செய்த வேலை

நான் ரெயில்வே குமாஸ்தா. கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. ஆனால் இதே பெட்டியை முன்பு பார்த்திருக்கிறேன். தடுத்தது நிர்வாகி அல்ல, வைரஸ். யாரோ செருகிய பென் டிரைவில் வந்திருக்கும். தன்னை யாரும் நிறுத்தி விடக்கூடாது என்று, முதல் வேலையாக டாஸ்க் மானேஜருக்குப் பூட்டுப் போட்டு விடும்.

கம்ப்யூட்டர் கிளம்பும்போது எப்-8 விசையைத் தட்டி, "சேப் மோட்" என்ற வழியில் நுழைந்தேன். அவசியமானவை மட்டும் இயங்கும் நிலை அது. "அட்மினிஸ்ட்ரேட்டர்" என்ற பெயரில் போனேன். டாஸ்க் மானேஜர் அழகாகத் திறந்தது! அண்ணாச்சி டீ வாங்கி வரச் சொன்னார். டீ வருவதற்குள் மறுபடி சாதாரணமாகக் கிளப்பினேன். பழைய பெட்டியே வந்து நின்றது.

பிறகுதான் புரிந்தது. பூட்டு, சங்கத்தின் கணக்குப் பெயருக்கு மட்டும் போடப்பட்டிருந்தது. சேப் மோடிலும் அதே பெயரில்தான் நுழைய வேண்டும்.

முதலில் கணக்கு பைலை மட்டும் புதிய பென் டிரைவில் நகல் எடுத்தேன். பிறகு வைரசைத் தேடினேன். மஞ்சள் போல்டர் மாதிரியே உருவம், ஆனால் பெயரின் வால் "இ.எக்ஸ்.இ." என்று இருந்தது. அந்த வாலை எக்ஸ்.பி. வழக்கமாக மறைத்து வைக்கும். "போல்டர் ஆப்ஷன்ஸ்" பகுதியில் மறைப்பை நீக்கினால் வேஷம் கலைந்து விடும். தொடக்கப் பட்டியலிலிருந்து அதை எடுத்து விட்டு, பைலையும் அழித்தேன்.

கடைசியாகப் பூட்டு. "ரன்" பெட்டியில் "ரெஜ்எடிட்" என்று அடித்தால், விண்டோசின் உள்பதிவேடான ரிஜிஸ்ட்ரி திறக்கும். தப்பான இடத்தில் கை வைத்தால் கம்ப்யூட்டர் கிளம்பாமலே போகலாம். ஆகவே முதலில் அதற்கும் ஒரு நகல். பிறகு "கரண்ட் யூசர்" பிரிவில், "பாலிசிஸ்" என்பதன் கீழே உள்ள "சிஸ்டம்" பகுதிக்குப் போனேன். "டிசேபிள் டாஸ்க் எம்.ஜி.ஆர்." என்று ஒரு வரி, அதற்கு நேரே 1. (நம்ம எம்.ஜி.ஆர். அல்ல, மானேஜரின் சுருக்கம்!) அந்த வரியை நீக்கினேன். பூட்டு திறந்தது.

வைரசை விட்டு விட்டு இந்த வரியை மட்டும் நீக்கினால் பலன் இல்லை. அது மறுபடியும் 1 போட்டு விடும்.

இரண்டு நாள் கழித்து அண்ணாச்சி மறுபடி போன் செய்தார். டாஸ்க் மானேஜரின் மேல் பட்டை மாயமாகி விட்டதாம். அது வைரஸ் அல்ல. தெரியாமல் ஓரத்தில் இரண்டு தட்டுத் தட்டியிருக்கிறார். இன்னும் இரண்டு தட்டு, சரியாகி விட்டது.

கணக்கை அன்றே அச்செடுத்துப் பைலில் கோத்தோம். பாக்கிப் பட்டியலில் என் பெயரும் இருந்தது. இரண்டு மாதம். 100 ரூபாயை எடுத்து மேஜை மேல் வைத்தேன். அண்ணாச்சி ரசீது எழுதிக் கொடுத்தார், கையால்.