எதிரொலி வேண்டும், அசல் ஒலி கெடலாகாது!

பாலாற்றுப் படுகையிலுள்ள ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோலைத் தொட்டுப் பார்த்துத் தரம் சொல்லுபவர்கள் பலர் உண்டு. பதனிட்ட தோலின் மேற்பரப்பில் இயற்கையான நுண்வரிகள் இருக்கும். மெல்லிய சாயம் ஏற்றினால் அவை தெரியும். கனமான நிறப்பூச்சு அடித்தால் மறைந்துவிடும். மின்கிட்டார் வாசிக்கும் நீங்கள் வாங்க நினைக்கும் 'டிலே பெடல்' என்னும் எதிரொலிப் பெட்டிக்கும் இதே அளவுகோல்தான். அது எதிரொலியைச் சேர்க்கலாம். கிட்டாரின் சொந்த ஒலியை மூடிவிடக் கூடாது. பல மாதச் சேமிப்பைக் கொடுத்து வாங்கும் பொருளாயிற்றே!

முதலில் எதிரொலி என்றால் என்ன என்று பார்ப்போம். வேலூரைச் சுற்றியுள்ள பாறைக் குன்றுகளில் ஒன்றின் எதிரே 35 மீட்டர் தள்ளி நின்று கை தட்டுங்கள். ஒலி போய்த் திரும்ப 70 மீட்டர். வெயில் நாளில் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர். ஆகவே 0.2 நொடி கழித்து எதிரொலி உங்கள் காதை எட்டும். இந்தக் காலதாமதத்தைக் குன்று இல்லாமலே உண்டாக்குவதுதான் பெடலின் வேலை.

1950களில் இதற்குக் காந்த நாடா பயன்பட்டது. ஒரு முனை ஒலியைப் பதிவு செய்யும். சற்றுத் தள்ளியுள்ள மற்றொரு முனை அதைப் படிக்கும். 1974இல் வந்த ரோலண்ட் ஸ்பேஸ் எக்கோவும் இவ்வகையே. 1969இல் ஃபிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சாங்ஸ்டர், டீர் இருவரும் வேறொரு வழியை வெளியிட்டனர். கிணற்றடியில் வரிசையாக நின்று தண்ணீர்க் குடத்தைக் கைமாற்றுவதுபோல, ஒரு சில்லிலுள்ள ஆயிரக்கணக்கான மின்தேக்கிகள் மின்னூட்டத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாற்றும். 4,096 படிகள் கொண்ட சில்லை நொடிக்கு 10,000 துடிப்புகளால் இயக்கினால் ஏறத்தாழ 0.2 நொடி தாமதம் கிடைக்கும். ஆனால் அப்போது 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகளை வடிகட்டிவிட வேண்டும். எனவே இவ்வகைப் பெடலின் எதிரொலி சற்று மங்கலாக ஒலிக்கும். இது குறையன்று, மங்கிய எதிரொலி அசல் ஒலியோடு போட்டியிடாது என்பதால் பலர் அதையே விரும்புகிறார்கள்.

அப்படியானால் அசல் ஒலி எங்கே கெடுகிறது? மூன்று இடங்களில்.

முதலாவது, பெடலின் நுழைவாயில். கிட்டாரின் பிக்கப் என்பது மெல்லிய கம்பிச்சுருள். அதன் மின்சைகை வலுவற்றது. பெடலின் உள்ளீட்டு மின்மறுப்பு குறைவாக இருந்தால் கூர்மையான ஒலிகள் அடங்கிவிடும். விவரக் குறிப்பில் இந்த எண் 10 இலட்சம் ஓம் அளவில் இருப்பது நல்லது.

இரண்டாவது, பெடலை அணைத்த பிறகும் மின்சைகை செல்லும் வழி. 'ட்ரூ பைபாஸ்' என்று விளம்பரம் செய்யப்படும் பெடல்கள் அணைந்த நிலையில் வெறும் கம்பிபோல் ஆகிவிடும். இதுவே சிறந்தது என்று எண்ணிவிடாதீர்கள். கேபிளும் ஒரு மின்தேக்கியே. மீட்டருக்குச் சுமார் 100 பிகோபாரட். 4 ஹென்றி மின்தூண்டல் கொண்ட பிக்கப்புடன் 6 மீட்டர் கேபிள் சேர்ந்தால் ஒலியின் உச்சம் ஏறத்தாழ 3,200 ஹெர்ட்ஸில் அமையும். பெடலுக்கு இந்தப் பக்கம் 6, அந்தப் பக்கம் 6 என்று 12 மீட்டரானால் உச்சம் சுமார் 2,300க்கு இறங்கிவிடும். ஒலி மந்தமாகும். நல்ல 'பஃபர்' சுற்று உள்ள பெடலில் இந்த இழப்பு நேராது. இரண்டாவது கேபிளின் சுமை பிக்கப்பின்மேல் விழாமல் அது தடுத்துவிடும். நீளமான கேபிள் வைத்திருப்போருக்குப் பஃபரே துணை.

மூன்றாவது, பெடல் இயங்கும்போது அசல் ஒலி செல்லும் பாதை. சில டிஜிட்டல் பெடல்கள் அசலையும் எண்களாக மாற்றி, மீண்டும் ஒலியாக்கித் தருகின்றன. வேறு சில, அசலைத் தொடாமல் தனிவழியே அனுப்பி, எதிரொலியை மட்டும் எண்களாக்கி இறுதியில் கலக்கின்றன. 'அனலாக் டிரை த்ரூ' என்று குறிப்பில் இருந்தால் இரண்டாம் வகை எனக் கொள்க.

வாங்குவதற்குச் சென்னைக்கோ பெங்களூருக்கோ சென்றாலும், பழைய பெடலை நண்பரிடம் வாங்கினாலும், உங்கள் கிட்டாரையும் கேபிள்களையும் கொண்டுபோங்கள். பெடலை இயக்கி, எதிரொலியின் அளவைப் பூஜ்யத்தில் வையுங்கள். அசல் ஒலியின் உரப்பைத் தனியே மாற்றும் திருகு இருந்தால், நேரடி இணைப்பின் உரப்புக்குச் சமமாக்குங்கள். சற்று உரத்த ஒலி எப்போதும் நல்லதாகவே தோன்றி ஏமாற்றும். பிறகு திரும்பி நின்றுகொண்டு நண்பரை வாசிக்கச் சொல்லுங்கள். பெடல் வழியாகவா, நேரடியாகவா என்று பத்து முறை ஊகியுங்கள். ஐந்தாறு சரியானால் அது வெறும் தற்செயல். வேறுபாடு உங்கள் காதுக்கு எட்டவில்லை. ஒன்பது, பத்து சரியானால் பெடல் ஒலியை மாற்றுகிறது என்று பொருள். இதே சோதனையைப் பெடலை அணைத்தும் செய்யுங்கள்.

விலைச்சீட்டும் விளம்பரமும் சொல்லாததை இந்தப் பத்து நிமிடம் சொல்லிவிடும். தோலை வாங்குபவர் விரலை நம்புகிறார். நீங்கள் உங்கள் காதை நம்புங்கள்.