பரணில் கிடந்த இரட்டைக் குழல் துப்பாக்கி

வல்லார்பாடம் தீவின் கரையில் நின்று நோக்குவோர்க்குக் கொச்சிக் காயலின் கப்பல் வழி கண்ணுக்கெதிரே விரிகிறது. 1500இல் போர்த்துக்கீசியரும், 1663இல் டச்சுக்காரரும், 1795இல் ஆங்கிலேயரும் இத்துறையில் கால் வைத்தனர். அவர்களோடு வந்தவற்றுள் கருமருந்துத் துப்பாக்கியும் ஒன்று. மட்டாஞ்சேரியிலோ, கோட்டைக் கொச்சியிலோ தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பமொன்று பழைய வீட்டைப் பிரிக்கும்போது, பரணிலிருந்து அத்தகைய கைத்துப்பாக்கி ஒன்று கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். பாட்டனார் சொத்தென்று அதைத் துடைத்து வைத்துக்கொள்ளலாமா?

முதலில் அக்கருவியின் இயல்பை அறிவோம். கருமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றின் கலவை. அதனைக் குழலின் வாய்வழியே இட்டு, அதன்மேல் ஈயக்குண்டைச் செலுத்துவர். பழங்காலத்தில் திரியாலும், பின்னர் சிக்கிமுக்கிக் கல்லின் பொறியாலும் மருந்து பற்றவைக்கப்பட்டது. 1807இல் அலெக்ஸாண்டர் ஃபோர்சைத் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் அடிபட்டால் தீப்பற்றும் மருந்தைப் பயன்படுத்தும் முறைக்கு உரிமை பெற்றார். அதன் வளர்ச்சியே கேப்பு வைத்துச் சுடும் துப்பாக்கி.

ஒரு குழலுக்கு ஒரே குண்டு. மீண்டும் மருந்திட நேரம் பிடிக்கும். மழைக்காலத்திலோ பொறி தவறுவதும் உண்டு. ஆகவே, ஒன்று பொய்த்தால் மற்றொன்று காக்கட்டும் என்றே இரண்டு குழல்களை அமைத்தனர். ஆனால் அந்தக் காவலே இன்று ஆபத்தாகிறது. உலர்ந்திருக்கும் கருமருந்து நெடுங்காலம் வீரியம் இழப்பதில்லை. ஒரு குழல் வெறுமையாயிருக்க, மற்றொன்றில் பாட்டனார் இட்ட மருந்து இன்னும் இருக்கலாம். மேலும், சுட்டபின் தங்கும் கசடு ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரிக்கும். கடற்காற்று வீசும் ஊரில் அவ்வரிப்பு விரைவாகவே நிகழும். அரித்த குழலில் வெடித்துப் பார்ப்போர் விரலையோ, கண்ணையோ இழக்க நேரிடும்.

அடுத்தது சட்டம். அமெரிக்காவில் 1898க்கும் அதற்கு முன்னும் செய்யப்பட்ட துப்பாக்கிகளுக்கு 1968ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் விலக்களிக்கிறது. இதைக் கேள்வியுற்ற நம்மவர் சிலர், பழையதாயின் லைசென்ஸ் வேண்டா என்று எண்ணிவிடுகின்றனர். நம் நாட்டில் வயது மட்டும் போதாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பழைய மாதிரியானதாகவோ, தொன்மை மதிப்புடையதாகவோ, பழுதுற்றதாகவோ இருக்கும் ஆயுதத்திற்கு விலக்களிப்பது உண்மையே. எனினும், அது பழுது பார்த்தாலும் சுட இயலாததாக இருத்தல் வேண்டும். செப்பனிட்டால் வெடிக்கக்கூடிய துப்பாக்கி, நூறாண்டுப் பழமை உடையதாயினும், சட்டத்தின் கண்ணில் துப்பாக்கியே. லைசென்ஸின்றி அதனை வைத்திருத்தல் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். குடகுநாட்டுக் கொடவர்களுக்கு 2029 வரை அளிக்கப்பட்டுள்ள விலக்கு, அங்கு குடியேறிய பிறரைச் சாராது.

அப்படியாயின் செய்யத்தக்கது யாது? குதிரையை இழுத்துப் பார்த்தலும், குழலுக்குள் கம்பியிட்டுக் குடைதலும், அடுப்பருகே வைத்தலும் கூடா. குழலின் வாய் எவரையும் நோக்காதவாறு ஓரிடத்தில் வைத்துச் சிறுவரை விலக்கிவிட்டு, அருகிலுள்ள காவல் நிலையத்துக்குத் தெரிவியுங்கள். பையிலிட்டுப் பேருந்தில் எடுத்துச் செல்லாதீர்கள். வந்து பார்க்குமாறு கேளுங்கள். லைசென்ஸ் பெற்றிருந்த உறவினர் இறந்துபோயிருந்தால், ஆயுதத்தைக் காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு என்ற முறையில் விண்ணப்பிக்க வழியுண்டு.

ஒப்படைத்தால் குடும்பத்தின் நினைவு போய்விடுமே என்று சிலர் வருந்துவர். அவ்வருத்தம் நமக்கும் புரிகிறது. பிறமாநிலத்தில் வாழ்வோர்க்கு முன்னோர் கைபட்ட பொருள் ஒவ்வொன்றும் ஊரின் ஒரு துண்டன்றோ! ஆயினும் நினைவைக் காக்க வேறு வழிகள் உண்டு. காவலர் முன்னிலையில் ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளலாம். அது வந்த வரலாற்றைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைக்கலாம். பாட்டனார் நமக்கு விட்டுச்சென்ற செல்வம் அவ்வரலாறே. வீட்டில் ஒரு குழந்தையின் விரலைப் பறிக்கக்கூடிய இரும்பு அன்று.