யுத்த சரித்திரமும் திரையில் பேசும் நிபுணரும்

யுத்த சரித்திரத்தைப் புஸ்தகங்களில் கற்போர் தொகை சிறிது. டெலிவிஷன் சித்திரங்களில் கண்டும் கேட்டும் அறிவோர் தொகை மிகப் பெரிது. இச்சித்திரங்களில் பீரங்கி முழக்கத்துக்கும் பழைய புகைப்படங்களுக்கும் நடுவே நிபுணர் ஒருவர் தோன்றிச் சில வார்த்தைகள் பேசி மறைகிறார். அவர் கூறும் விஷயத்தைக் காட்டிலும் கூறுகிற தோரணையே ஜனங்கள் மனத்தில் நிலைத்துவிடுகிறது என்பது நமது அபிப்பிராயம். அதன் விளைவு எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அமெரிக்காவில் நேர்ந்ததொரு விஷயத்தால் அறியலாம்.

1990-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் அந்நாட்டுப் பொது ஒளிபரப்பு ஸ்தாபனமாகிய பி.பி.எஸ்., கென் பர்ன்ஸ் தயாரித்த ‘உள்நாட்டு யுத்தம்’ என்னும் சித்திரத்தை ஐந்து இரவுகள் தொடர்ந்து காட்டியது. ஒன்பது பகுதிகள், ஏறக்குறைய 11 மணி நேரம். சுமார் 4 கோடி ஜனங்கள் அதைப் பார்த்தனர். 1861 முதல் 1865 வரை நடந்த அந்த யுத்தத்தைப் பற்றி அதில் பேசியவர் பலராயினும், எல்லோருடைய நினைவிலும் நின்றவர் ஒருவரே. அவர்தாம் மிஸிஸிப்பி ராஜ்யத்தில் பிறந்த நாவலாசிரியர் ஷெல்பி ஃபூட்.

ஃபூட் சாமானியர் அல்லர். இருபது வருஷ காலம் உழைத்து அந்த யுத்தத்தின் கதையை மூன்று பெரும் பாகங்களாக எழுதி 1974-இல் முடித்தவர். (அவற்றில் அடிக்குறிப்புகளை அவர் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லிவைக்கிறோம்.) நரைத்த தாடி, தென்னாட்டாருக்கே உரிய இழுத்துப் பேசும் மெல்லிய குரல், போர்க்களத்திலிருந்து நேற்றுத்தான் திரும்பியவர் போன்ற பரிச்சயம் ஆகிய இவற்றால் கேட்போரை வசீகரித்தார். தென்படைச் சிப்பாய் ஒருவனிடம் வடவர், ‘நீ ஏன் போர் புரிகிறாய்?’ என்று வினவ, ‘நீங்கள் இங்கே வந்திருப்பதால்தான்’ என்று அவன் விடையிறுத்ததாக அவர் சொல்லும்போது நாமும் புன்னகை புரிகிறோம். புன்னகை மறைந்த பின்னரே, 1860-ஆம் வருஷத்து ஜனக்கணக்கில் கண்ட ஏறக்குறைய 40 லட்சம் அடிமைகள் அக்கதையில் எங்கே என்று கேட்கத் தோன்றுகிறது. அவருடைய சொந்த ராஜ்யமாகிய மிஸிஸிப்பி, 1861 ஜனவரியில் பிரிந்துபோனபோது வெளியிட்ட பிரகடனத்தில், தனது நிலை அடிமை முறையோடு முற்றிலும் பிணைந்தது என்று ஒளிவு மறைவின்றிக் கூறியிருக்கிறது.

அந்த யுத்தம் தந்த மேதைகள் இருவர், ஒருவர் லிங்கன், மற்றவர் தென்படைத் தளபதி நாதன் பெட்ஃபோர்ட் ஃபாரஸ்ட் என்றும் ஃபூட் கூறினார். குதிரைப்படை நடத்துவதில் ஃபாரஸ்ட் வல்லவர் என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அவர் மெம்பிஸ் நகரில் அடிமை வியாபாரம் செய்து பொருளீட்டியவர்; 1864 ஏப்ரலில் பில்லோ கோட்டையில், சரணடைய முற்பட்ட கறுப்புச் சிப்பாய்களைக் கொன்று குவித்தது அவருடைய சேனை; பிற்பாடு கூ க்ளக்ஸ் க்ளான் கூட்டத்துக்கும் தலைமை வகித்தவர். இத்தகையவரை லிங்கனுக்கு அருகே உட்கார வைக்க, இனிய குரல் ஒன்றே போதுமானதாயிற்று!

அதே சித்திரத்தில் கொலம்பியா சர்வகலாசாலைப் பேராசிரியை பார்பரா ஃபீல்ட்ஸும் பேசினார். கறுப்பு இனத்தவராகிய இவ்வம்மையார், அடிமைகளின் விடுதலை பற்றிய தஸ்தாவேஜுகளை ஆராய்ந்து பதிப்பித்த குழுவில் பணி புரிந்தவர். அடிமைகள் பிறர் அளித்த விடுதலையைக் கைகட்டிப் பெற்றவர்கள் அல்லர். ஐக்கியப் படை நெருங்கிய இடமெல்லாம் தோட்டங்களை விட்டு ஓடிவந்து யுத்தத்தின் நோக்கத்தையே மாற்றியவர்கள் என்பது அவருடைய கட்சி. அடிமைத்தனத்தைப் பர்ன்ஸ் மறைத்தார் என்று நாம் குற்றஞ்சாட்டவில்லை. ஆயினும் ஃபூட்டுக்குக் கிடைத்த நேரத்தில் சிறு பங்கே அம்மையாருக்குக் கிடைத்தது.

படமெடுக்கும் முறையே இதற்கு இடந்தருகிறது. கேள்வி கேட்பவரின் குரலை நீக்கிவிடுகிறார்கள். பல மணி நேரப் பேச்சிலிருந்து சில விநாடிகளைக் கத்தரித்து எடுக்கிறார்கள். ‘இப்படியும் இருக்கலாம், அத்தாட்சி போதாது’ என்று தயங்கிப் பேசுகிறவரின் வார்த்தைகள் தரையில் விழுகின்றன. முடிவுள்ள கதை மட்டும் பிழைக்கிறது. 2017-இல் வியட்நாம் யுத்தத்தைப் பற்றித் தாமும் லின் நோவிக்கும் எடுத்த சித்திரத்தில் பர்ன்ஸ் சரித்திராசிரியர் எவரையும் திரையில் பேச வைக்கவில்லை. யுத்தத்தை நேரில் அனுபவித்தவர்களே பேசினர். எனினும் கத்தரிக்கோல் அவர் கையில்தானே இருந்தது?

அதே 2017-ஆம் வருஷம் அக்டோபரில், ஜனாதிபதி டிரம்பின் தலைமை அலுவலராயிருந்த ஜான் கெல்லி, சமரஸம் செய்துகொள்ள இயலாமையே உள்நாட்டு யுத்தத்துக்குக் காரணம் என்றார். கண்டனம் எழுந்தது. மறுநாள் வெள்ளை மாளிகையின் பத்திரிகைச் செயலாளர், பர்ன்ஸின் சித்திரத்தில் ஃபூட் பேசியதையே ஆதாரமாகக் காட்டினார். ஃபூட் இறந்து அப்போது 12 வருஷங்கள் ஆகியிருந்தன.

சமரஸம் என்ற சொல்லின் இனிமையை நமது வாசகர்கள் நன்கு அறிவார்கள். அமெரிக்கர் சமரஸம் செய்துகொள்ளாமலா இருந்தனர்? 1787-இல் அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காகக் கணக்கிட்டு எஜமானர்களுக்குச் சட்டசபை ஸ்தானங்களைப் பெருக்கிக் கொடுத்தது சமரஸமே. 1820-இல் மிஸௌரியை அடிமை ராஜ்யமாகச் சேர்த்துக்கொள்ள இசைந்ததும் அதுவே. 1850-இல், தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கும் கடமையை வடநாட்டார் தலையிலும் சுமத்தினார்களே, அதற்கும் அதே பெயர்தான். ஒவ்வொரு முறையும் விலை கொடுத்தவர்களை யாரும் கலந்துகொள்ளவில்லை. பர்ன்ஸின் சித்திரத்தை மாணவர்களுக்குக் காட்டும் ஆசிரியர்கள், இவ்வுடன்பாடுகளின் வாசகத்தையும் மிஸிஸிப்பிப் பிரகடனத்தையும் கூடவே படித்துக் காட்ட வேண்டுமென்று நாம் கோருகிறோம்.