தடிப்பைச் சுற்றி ஒரு பேனாக் கோடு

பிசான நடவு நேரத்தில் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பக்கம் வயலில் இறங்கியவர்களுக்கு உடம்பில் தடிப்பு வந்தால், பழி முதலில் பூச்சிமருந்தின் மேல் விழும். அடுத்து வரப்போரத்துச் செந்தட்டியின் மேல். இரண்டும் இல்லையென்றால் 'காணாக்கடி' என்று வெற்றிலையில் மிளகு வைத்துக் கொடுப்பார்கள். பெரும்பாலும் அது தானாகவே அடங்கும். பெயர் மிளகுக்குப் போய்ச் சேரும்.

சாதாரணக் காணாக்கடியின் குணம் இடம் மாறுவது. காலையில் கையில் இருந்த தடிப்பு மாலையில் தொடையில் இருக்கும். அரிப்பு தாங்காது. ஆனால் ஒரு தடிப்பு ஒரே இடத்தில் பொதுவாக 24 மணி நேரத்துக்கு மேல் தங்காது, தடமும் விடாது.

பார்வைக்கு இதேபோல் இன்னொரு நோய் உண்டு. தோலின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் அழற்சியால் புண்படுவது அது. மருத்துவர்கள் 'அர்ட்டிகேரியல் வாஸ்குலைட்டிஸ்' என்பார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மெக்டஃபி குழுவினர் 1973-இல் இதை விவரித்தார்கள். அரிதுதான், நடுவயதுப் பெண்களிடம் கூடுதல். அரிப்பைவிட எரிச்சலும் வலியும் முன்நிற்கும். தடிப்பு அதே இடத்தில் 2, 3 நாள் நிற்கும். அடங்கிய பிறகு, அடிபட்டுக் கன்றியதுபோல் கறை இருக்கும். நம் தோல் நிறத்தில் சிவப்பு சரியாகத் தெரியாது; கரும்பழுப்புக் கறையைத்தான் தேட வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு, நேரத்தைக் குறித்து, மறுநாள் அதே நேரத்தில் பாருங்கள். சேற்றில் இறங்குபவர்களுக்குக் கோடு அழிந்துவிடும். செல்போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

24 மணி தாண்டியதுமே அந்த நோய்தான் என்று பயந்துவிடவும் வேண்டாம். வாழைத்தார் சுமந்த தோளில், அழுத்தத்தால் வரும் காணாக்கடி சில மணி நேரம் கழித்து எழும்பி, 2, 3 நாள்கூட வலியோடு நிற்பதுண்டு. இதைப் பிரித்துச் சொல்வது, தோலில் சிறு துணுக்கு எடுத்துச் செய்யும் பரிசோதனைதான். சிறுநீரகம், மூட்டு, நுரையீரலையும் இந்நோய் தொடலாம் என்பதால் ரத்தம், சிறுநீரும் பார்ப்பார்கள். பாளையங்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவில் காட்டலாம். தடிப்போடு காய்ச்சல், மூட்டுவலி, வயிற்றுவலி சேர்ந்தால் நாள் கடத்தக் கூடாது.

மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிய மாத்திரையே சிலருக்குத் தடிப்பைக் கிளப்பும். அந்த அட்டையையும், மருந்து தெளித்திருந்தால் டப்பாவின் லேபிளையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ பேனாவைத் தேட வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.