பெயரின் பொருள் எழுத்தில் இருக்கிறது

பிள்ளைக்கு அழகிய பெயர் சூட்டுவது பெற்றோரின் கடமைகளுள் ஒன்று. பொருள் பொருந்தாத பெயர்களை நபி (ஸல்) அவர்கள் மாற்றியும் இருக்கிறார்கள். ‘ஆஸியா’ என்றிருந்த ஒரு பெண்ணின் பெயரை ‘ஜமீலா’ என அவர்கள் மாற்றியமை ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

இதை வாசிக்கும் ஆஸியாக்கள் திடுக்கிட வேண்டாம். ஈமானுக்கு எடுத்துக்காட்டாகப் போற்றப்படும் பிர்அவ்னின் மனைவியாரின் பெயரும் ஆஸியாதான். ஆனால் அரபியில் இவை இரு வேறு சொற்கள். பிர்அவ்னின் மனைவியாரின் பெயர் அலிபில் தொடங்கும். அதில் வருவது ஸீன். மாற்றப்பட்ட பெயரோ ஐனில் தொடங்கும்; அதில் வருவது ஸாத். அதன் பொருள் ‘மாறு செய்பவள்’. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

காரணம் எளியது. ஸீன், ஸாத், ஸாய் முதலிய பல அரபு எழுத்துகளுக்கு நாம் ‘ஸ’ ஒன்றையே எழுதுகிறோம். ‘ஸாஹிரா’ என்பதை ஸாய் எழுத்தில் தொடங்கினால் ‘ஒளிர்பவள்’. ஸீனில் தொடங்கி, நடுவில் தொண்டையிலிருந்து அழுத்தமாக ஒலிக்கும் ‘ஹா’வை இட்டால் ‘சூனியக்காரி’! நம் முன்னோர் அரபுத் தமிழில் எழுதிய காலத்தில் இந்த மயக்கம் இருக்கவில்லை. தமிழையே அரபு எழுத்தில் எழுதியதால், பெயர்கள் தம் சொந்த எழுத்துகளோடு நிலைத்தன.

பெயரைப் பாதியாக்குவதும் பொருளைக் கெடுக்கும். ‘அப்து’ என்றால் அடிமை. ‘அப்துர் ரஹ்மான்’ என்றால் அளவற்ற அருளாளனின் அடிமை. ‘அப்துல்’ என்று மட்டும் அழைத்தால் யாருடைய அடிமை என்பது விடுபடுகிறது. ‘ரஹ்மான்’ என்று மட்டும் அழைத்தால் அல்லாஹ்வுக்கே உரிய திருநாமத்தை மனிதருக்குச் சூட்டியதாகிறது.

எல்லாப் பெயரையும் அகராதிப் பொருளால் மட்டும் அளக்கவும் முடியாது. ‘கதீஜா’ என்பதன் சொற்பொருள் காலத்துக்கு முன் பிறந்தவள். அதற்காக யாரும் அப்பெயரைச் சூட்டுவதில்லை. அன்னை கதீஜா (ரழி) அவர்களை நினைத்தே சூட்டுகிறோம்.

நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்றில்லை. தந்தையின் பெயரே முதலெழுத்தாகவோ பெயரின் பகுதியாகவோ வருகிறது. வளர்ப்புப் பிள்ளைகளையும் அவர்களுடைய தந்தையரின் பெயராலேயே அழைக்குமாறு ஸூரா அல்-அஹ்ஸாபின் 5ஆம் வசனம் பணிக்கிறது. திருமணத்தின் பின்னரும் ஆயிஷா (ரழி) அவர்கள் அபூபக்ரின் மகளாகவே அழைக்கப்பட்டார்கள்.

நம் பெயர்களில் தமிழும் கலந்திருக்கிறது. பாட்டிமாரின் பெயர்களில் வரும் ‘நாச்சியா’, நாச்சியார் என்ற தமிழ்ச் சொல்லே. ‘மரிக்கார்’ மரக்கலத்தோடு தொடர்புடையது என்பர். ‘லெப்பை’யை ‘லப்பைக்’ என்ற அரபுச் சொல்லோடு தொடர்புபடுத்துவர். பழைய பெயர்கள் எனக் கைவிடும் இவற்றில்தான் நம் சமூகத்தின் வரலாறு தங்கியிருக்கிறது.

எனவே பெற்றோரே, ஓசை இனிமையை மட்டும் பார்த்துப் பெயரைத் தெரிவு செய்யாதீர்கள். பிறப்பைப் பதியுமுன் அறிந்த ஒரு மௌலவியிடம் அப்பெயரை அரபியில் எழுதித் தரக் கேளுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலையும் அப்போதே முடிவு செய்யுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒன்றும் அடையாள அட்டையில் வேறொன்றுமாக இருந்தால் பின்னர் அலைய வேண்டிவரும்.

மாணவிகளே, இன்றே உங்கள் பெயரை அரபியில் எழுதிப் பாருங்கள். எந்த எழுத்து என்று ஐயம் எழுந்தால் ஆசிரியரிடம் கேட்டுத் தெளியுங்கள். நம்மை வாழ்நாள் முழுவதும் அழைக்கும் சொல்லின் பொருளை நாம் அறிந்திருக்க வேண்டாமா?