ஒளிநாடாவும் கணினிப் படியும்

பேராக் மாநிலத்தின் பழைய இரப்பர்த் தோட்டங்களுள் பல இன்று செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயன் வீடுகளில் வாழ்ந்தோர் பலர் ஈப்போ, சுங்கை சிப்புட் முதலிய நகரங்களிற் குடியேறினர். எனினும், 1980ஆம் ஆண்டிற்குப் பின் தோட்டங்களில் நடந்த திருமணங்களையும் தீமிதி விழாக்களையும் எடுத்த ஒளிநாடாக்கள், வீடியோ கேசட் என்னும் பெயரால், இன்றும் சில வீட்டு அலமாரிகளில் உள்ளன. அவற்றில் மணமக்களே படத்தின் பொருள். ஆனால் அவர்களுக்குப் பின்னே லயன் வரிசையும் பெரட்டுக் களமும் கோயில் முகப்பும் எவரும் கருதாமலே பதிந்துள்ளன.

இந்நாடாக்களைக் கணினியில் ஏற்றித் தொகுக்க விரும்புவோர், வேண்டிய பகுதியை மட்டும் எடுத்தால் வேலை விரைவில் முடியும் என எண்ணுவதுண்டு. இது பிழை. ஏட்டுச் சுவடியைப் படியெடுத்தல் வேறு, பதிப்பித்தல் வேறு என்பதைத் தமிழாசிரியர்கள் அறிவர். படியெடுக்கும்போதே வரிகளை விலக்கியவன் பதிப்பாசிரியனுக்கு எதனை வைத்தான்? ஒளிநாடாவிற்கும் இதுவே முறை: முதலில் முழுப்படி; பின்னரே வெட்டும் ஒட்டும்.

இதற்குக் காரணம் நாடாவின் இயல்பே. ஜப்பானிய நிறுவனமான ஜேவிசி 1976இல் வெளியிட்ட விஎச்எஸ் முறையில் நாடாவின் அகலம் 12.7 மில்லிமீட்டர். மலேசியாவில் வழங்கிய பால் முறையில் அது நொடிக்கு 2.34 சென்டிமீட்டர் நகர, படிக்கும் உருளை நொடிக்கு 25 முறை சுழல்கிறது. அந்த ஓட்டத்திலேயே படம் கிடைப்பதால், மூன்று மணி நேர நாடாவைப் படியெடுக்க மூன்று மணி நேரம் ஆகும். குறுக்குவழி இல்லை. பல கருவிகளை ஒருங்கே இயக்குவதும், மறுமுறை ஓட்டத் தேவையின்றி முதன்முறையே செவ்வனே எடுப்பதுமே உண்மையான சிக்கனம். நாடா ஓட்டும் கருவிகளைக் கடைசியாகச் செய்துவந்த பெருநிறுவனமான பூனாய் 2016 சூலையில் அவ்வேலையை நிறுத்திவிட்டது. பழுதுபட்ட பழங்கருவி ஒரு நாடாவைக் கடித்துவிட்டால் அஃது என்றென்றைக்கும் இழப்பேயாகும்.

ஆகவே ஓட்டுமுன் நாடாவை நோக்குதல் வேண்டும். ஈப்போவின் ஈர வெப்பத்தில் பூஞ்சணம் எளிதிற் பிடிக்கும். சுருளின் ஓரத்தில் வெண்பொடி தெரிந்தால் அதனைக் கருவியில் இடலாகாது. அப்பூஞ்சணம் கருவியின் தலையிற் படிந்து, அடுத்து வரும் நாடாக்களையும் கெடுக்கும். அத்தகையதைப் பழகியவரிடம் தனியே கொடுத்துத் தூய்மை செய்வித்தல் நன்று. நல்ல நாடாவையும் ஒருமுறை இறுதிவரை சுற்றி மீளச் சுற்றினால் இறுக்கம் சீராகும். கேசட்டின் முதுகிலுள்ள சிறு பிளாஸ்டிக் துண்டு ஒடிக்கப்படாதிருந்தால் அதனை ஒடித்துவிட வேண்டும். தவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் பழைய படம் அழியாது. கைவசம் இருப்பது கடைக்காரர் எடுத்துத் தந்த படியா, மூலமா என்பதையும் வினவுதல் தகும். படியின் படிக்கு மங்கல் மிகுதி.

கருவியில் எஸ்-வீடியோ வாய் இருப்பின், மஞ்சள் கம்பியை விட அதுவே மேல். ஒளியும் நிறமும் கலவாமல் வரும். பழைய நாடாவில் வரிகள் தடுமாறும். காலத் திருத்தி என்னும் கருவி இடையில் இல்லையேல், கணினி சில படங்களை விட்டுவிட, வாயசைவிற்கும் ஒலிக்கும் பொருத்தம் போய்விடும்.

எந்த வடிவிற் சேமிப்பது என்பதிலேதான் பலர் இடறுகின்றனர். டிவிடி வட்டிற்குரிய வடிவம் இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் அதில் பெரும்பாலான படங்கள் அண்டைப் படங்களினின்று வேறுபடும் அளவே எழுதப்படுவதால் வெட்டுதற்கு இடர் தரும். ஒவ்வொரு படமும் முழுமையாக நிற்கும் வடிவமே தொகுப்பிற்கு ஏற்றது. சுருக்காத படம் மணிக்கு ஏறத்தாழ 75 ஜிகாபைட் கொள்ளும். டிவி வடிவம் 13 ஜிகாபைட் கொள்ளும். இழப்பின்றிச் சுருக்கும் எப்எப்வி1 இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. வன்தட்டின் விலை குறைந்துவிட்ட இக்காலத்தில் அதுவே தக்கது. பால் முறையில் ஒரு படம் ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளுமாக இருமுறை வரையப்படுகிறது. அவற்றைப் படியெடுக்கும்போதே ஒன்றாக்கினால், காவடியாட்டத்தின் விரைந்த அசைவு பாதி குன்றும். அவ்வேலை தொகுப்பின்போது செய்வதற்குரியது.

1995இல் வந்த மினிடிவி நாடாவிற்கு இத்துணைத் தொல்லையில்லை. அதில் எண்களே பதிந்திருத்தலின், பயர்வயர் கம்பி வழியே அவற்றை மாற்றமின்றிக் கணினிக்கு இழுக்கலாம்.

படி முடிந்ததும் உறையின் மேலெழுத்தையும் படமெடுத்துக் கோப்புடன் வைத்தல் வேண்டும். தோட்டத்தின் பெயரும் டிவிஷன் எண்ணும் பல வேளைகளில் அவ்வுறையில் மட்டுமே காணப்படும்.